மடிக்கணினி: கம்பத்திலும் குமுளியிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்தில் மடிக்கணினி பழுது பார்க்கிறேன். கீழே கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர். மேலே லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் கேரளத்தின் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம். இரண்டு பக்கத்து ஆட்களும் வருகிறார்கள். கீழேயிருந்து வருவது பெரும்பாலும் தூசியாலும் சூட்டாலும் கெட்டது. மேலேயிருந்து வருவது ஈரத்தாலும் மின்னலாலும் கெட்டது. மேசைக்கு முன்னால் நின்று பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். இவற்றில் பாதியைத் தெரிந்துகொண்டால் கடைக்கு வரும் செலவே மிச்சமாகும்.

முதல் மடிக்கணினியை யார் செய்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் கதை நம் பக்கம் வந்து முடிகிறது.

யோசனை முதலில் வந்தது. 1972-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் இருந்த ஆலன் கே, குழந்தைகள் கையில் எடுத்துக்கொண்டு போகிற, புத்தகம் போன்ற ஒரு கணினியைப் பற்றி எழுதினார். டைனாபுக் என்று அதற்குப் பேர் வைத்தார். அன்றைக்கு அதைச் செய்யும் அளவுக்குப் பாகங்கள் இல்லை. 1975-இல் ஐபிஎம் நிறுவனம் 5100 என்ற ஒன்றை விற்றது. எடுத்துச் செல்லலாம் என்றுதான் சொன்னார்கள், ஆனால் எடை கிட்டத்தட்ட 25 கிலோ. ஒரு சிப்பம் அரிசி.

1981 ஏப்ரலில் ஆஸ்போர்ன் 1 வந்தது. எடை 11 கிலோ, விலை 1,795 டாலர், திரை வெறும் 5 அங்குலம். தையல் மிஷினைப் பெட்டியோடு தூக்குவது மாதிரி கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டும். உள்ளே பேட்டரி கிடையாது, மின்சாரம் இருக்கும் இடத்தில்தான் ஓடும். ஆனாலும் கடையில் வாங்கித் தூக்கிக்கொண்டு போகிற கணினியாக முதலில் நன்றாக விற்றது இதுதான். இதைக் கொண்டுவந்தவர் ஆடம் ஆஸ்போர்ன். அவருடைய அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியார். அதனால் ஆடமின் சிறுவயது திருவண்ணாமலையில் கழிந்தது, கொடைக்கானலில் பள்ளிக்கூடம் படித்தார், தமிழ் பேசுவார். அவருடைய நிறுவனம் 1983-இல் திவாலானது. அடுத்த மாடல் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், இருக்கிற மாடலை யாரும் வாங்காமல் காத்திருந்துவிட்டார்கள் என்று இன்றும் வியாபாரப் படிப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். கடைசிக் காலத்தில் நோயுற்றுக் கொடைக்கானலுக்கே திரும்பி வந்தார். 2003 மார்ச்சில் அங்கேயே காலமானார். நம் மாவட்டத்து மலைக்கு அடுத்த மலை.

இப்போது இருக்கிற மாதிரி மூடித் திறக்கிற வடிவம் எப்போது வந்தது?

1982-இல் கிரிட் காம்பஸ் என்ற கணினியில். பில் மாக்ரிட்ஜ் என்ற வடிவமைப்பாளர் திரையை விசைப்பலகை மேல் மடிகிற மாதிரி செய்தார். விலை 8,150 டாலர். அமெரிக்க ராணுவமும் நாசாவும் வாங்கின, விண்வெளி ஓடத்திலும் போனது. சாதாரண ஆள் வாங்கும் விலையாக அது இல்லை. 1985-இல் தோஷிபா டி1100 வந்தபிறகுதான் வியாபாரம் பெருகியது.

1991-இல் ஆப்பிளின் பவர்புக் விசைப்பலகையைத் திரைப்பக்கம் தள்ளி, முன்னால் மணிக்கட்டு வைக்க இடம் விட்டது. அதற்கு முன் விசைகள் விளிம்பிலேயே இருக்கும், கை தொங்கிக்கொண்டே தட்ட வேண்டும். அதே ஆண்டில் சோனி லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. என்னைக் கேட்டால் மடிக்கணினியின் வரலாற்றில் பெரிய திருப்பம் அதுதான். அந்தப் பேட்டரிக்குப் பின்னால் இருந்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. 1992-இல் ஐபிஎம் திங்க்பேட், விசைகளுக்கு நடுவே சிவப்புப் பொட்டோடு. 2003-இல் இன்டெல்லின் சென்ட்ரினோ என்ற சிப் தொகுப்போடு வைஃபை பரவலானது. 2007-இல் ஏசுஸ் ஈ பிசி என்ற 7 அங்குலக் குட்டி, 2008-இல் தபால் உறையிலிருந்து எடுத்துக் காட்டிய மேக்புக் ஏர், 2011-இல் குரோம்புக், 2020-இல் ஆப்பிளின் எம்1 சிப். இவ்வளவு தெரிந்தால் போதும்.

எத்தனை வகை இருக்கிறது? பிள்ளைக்கு எதை வாங்குவது?

கடையில் பல பேர் சொல்வார்கள். சாதாரண நோட்புக், மெலிசான அல்ட்ராபுக், திரையை முழுக்க மடித்து டேப்லெட் ஆக்குகிற டூ இன் ஒன், இணையம் இருந்தால்தான் முழுப்பயன் தரும் குரோம்புக், கேமிங், வரைபட வேலைக்கான ஒர்க்ஸ்டேஷன், ஆப்பிளின் மேக்புக். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன படிப்பு, எங்கே தங்குகிறார்?

நர்சிங், பி.காம்., கலைப் படிப்பு என்றால் சாதாரண நோட்புக் போதும். 8 ஜிபி ரேம் (ஓடுகிற வேலையைத் தாங்கும் நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும், சுழலாத வேகமான டிஸ்க்), 14 அங்குலத் திரை. கேமிங் மாடல் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கும். அதன் எடை இரண்டு கிலோவுக்கு மேல், சார்ஜர் தனியாக ஒரு செங்கல் கனம், பேட்டரி சீக்கிரம் இறங்கும். கோட்டயத்துக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ்ஸில் தூக்கிப் போகிற பிள்ளைக்கு அது பாரம். சிவில், மெக்கானிக்கல், அனிமேஷன் படிப்புக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவைப்படும், அப்போது வாங்கலாம். இன்ஜினியரிங் என்றால் 16 ஜிபி ரேம் உள்ளதையோ, பின்னால் ரேம் கூட்ட இடமுள்ளதையோ பாருங்கள். மெலிசான மாடல்கள் பலவற்றில் ரேமை மதர்போர்டிலேயே, அதாவது எல்லாப் பாகங்களும் உட்காரும் தாய்ப்பலகையிலேயே, ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். அதில் பிற்பாடு ஒன்றும் செய்ய முடியாது. வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா?

வாங்கலாம். பெரிய கம்பெனிகளில் மூன்று நான்கு வருடம் ஓடி வெளியே வருகிற திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் வரிசைகள் புதிய மலிவு மாடலை விடக் கட்டுமானத்தில் உறுதியானவை. பார்க்க வேண்டியவை சில. மூடியைத் திறந்து மூடும்போது மூலையில் கீச் சத்தம் வரக் கூடாது. திரையில் முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் போட்டுப் புள்ளி இருக்கிறதா பாருங்கள். எல்லா விசையையும் ஒரு தடவை தட்டுங்கள். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது, கடைக்காரரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிதான் என்றால், பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். யாருடையது என்று தெரியாத, பில் இல்லாத மடிக்கணினியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொட வேண்டாம்.

குமுளியில் வாங்கியதற்குக் கம்பத்தில் வாரண்டி கிடைக்குமா?

கிடைக்கும். இந்தியாவுக்குள் வாங்கியது என்றால் வாரண்டி சீரியல் நம்பருக்குத்தான், மாநிலத்துக்கு இல்லை. பில்லைப் பத்திரமாக வையுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள். ஆனால் வீட்டுக்கே வந்து பார்ப்போம் என்று சொல்கிற வாரண்டியில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவாரா? உள்ளே இருக்கிற எஸ்டேட்டுக்கு வரமாட்டார்கள் என்பது பழுதான பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

மழைக்காலத்தில் மட்டும் ஏன் கெடுகிறது?

மலையில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பதில் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜூன் பிறந்து சாரல் பிடித்தால் குமுளிக்கு மேலே துவைத்த துணி நான்கு நாளானாலும் காயாது. அந்த ஈரம் மடிக்கணினிக்குள்ளும் போகிறது. காற்று போய்வர அதில் துளைகள் இருக்கின்றன, அடைக்கவும் கூடாது. மதர்போர்டில் மயிரிழை அகலத்துக்குச் செம்புப் பாதைகள் ஓடுகின்றன. அவற்றின் மேல் தூசி படிந்து, தூசி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, அதில் மின்சாரமும் ஓடினால் செம்பு அரிக்க ஆரம்பிக்கும். பூஜைச் சொம்பில் பச்சையாகக் களிம்பு ஏறுவது போலத்தான்.

ஒரு ஆடி மாதம் ஏலத்தோட்டத்துக் கணக்குப்பிள்ளை ஒருவர் தன் மடிக்கணினியைப் பிளாஸ்டிக் சாக்கில் சுற்றி எடுத்துவந்தார். "தம்பி, போன வருசம் வரைக்கும் நல்லா இருந்துச்சு. இப்ப லைட்டு எரியுது, படம் வரல" என்றார். அடிமூடியைக் கழற்றியதும் முதலில் வந்தது ஏலக்காய் வாசம். காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பக்கத்து அறையில்தான் மேசை என்றார். பச்சைக் காயிலிருந்து வெளியேறுகிற ஈரக்காற்று முழுக்க அந்த அறைக்குத்தான் போயிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ரேம் சொருகும் இடத்துக்கு அருகே இரண்டு கடுகு அளவுக்குப் பச்சைப் பூத்திருந்தது. ஐபிஏ என்ற சுத்தம் செய்யும் ஆல்கஹாலை ஊற்றிப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, அரித்துப்போன ஒரு பாதைக்கு முடிக்கம்பி வைத்து ஈயத்தால் ஒட்டினேன். படம் வந்தது. அதற்குப் பிறகு மேசையை மாடி அறைக்கு மாற்றினார், இரண்டு சாரல் கடந்தும் அது ஓடுகிறது.

என்ன செய்யலாம்? முதல் வேலை, தினமும் ஒரு மணி நேரமாவது ஆன் பண்ணி வையுங்கள். உள்ளே வருகிற சூடே ஈரத்தை ஓட்டிவிடும். மழைக்காலம் முழுக்க பீரோவில் பூட்டி வைத்ததுதான் முதலில் கெடுகிறது. ஊருக்குப் போகிறீர்கள், ஒரு மாதம் தொடப்போவதில்லை என்றால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பேட்டரியில் பாதி சார்ஜ் இருக்கட்டும். தரையிலோ ஓதம் ஏறிய சுவரை ஒட்டியோ வைக்கக் கூடாது. விடியற்காலைக் குளிரில் ஜீப்பில் கீழே இறங்கி வந்தவர்கள் பையைத் திறந்ததும் ஆன் பண்ண வேண்டாம். குளிர்ந்த பொருள் மேல் கீழ்நாட்டுக் காற்று பட்டால் உள்ளே வேர்க்கும். அரை மணி நேரம் பொறுங்கள்.

மின்னலில் போகுமா? சார்ஜரைக் கழற்றினால் போதுமா?

போதாது. ஐப்பசி கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் இடி கட்டுகிறதே, மலையாளத்தில் துலாவர்ஷம் என்கிறார்களே, அந்த இரண்டு மாதத்தில் இடுக்கிப் பக்கத்திலிருந்து வருகிற மடிக்கணினிகளில் சார்ஜிங் பகுதி கருகியதைவிட லேன் போர்ட் (இணைய வயர் சொருகும் இடம்) கருகியதை அதிகம் பார்த்திருக்கிறேன். மின்னல் கரண்ட் வயரில் மட்டும் வருவதில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக மோடத்துக்கு வந்து, அங்கிருந்து லேன் வயரில் இறங்குகிறது. ஆகவே இடி தூரத்தில் கேட்கும்போதே இரண்டையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் காப்பாகாது, பிளக்கைச் சுவரிலிருந்தே உருவ வேண்டும். வைஃபையில் ஓட்டினால் பாதி ஆபத்து குறைந்தது.

லோ வோல்டேஜுக்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா என்றும் கேட்பார்கள். அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். குறைந்த வோல்டேஜை அது தாங்கும். திடீரென்று எகிறுவதைத்தான் தாங்காது. கரண்ட் போய்த் திரும்பி வருகிற நொடியில்தான் எகிறும், அதனால் கரண்ட் போனதும் பிளக்கை எடுத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

தொட்டால் சுர்ரென்று இருக்கிறதே, ஷாக்கா?

உலோக உடம்பு உள்ள மடிக்கணினியைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அடாப்டருக்குள் மின்சார இரைச்சலை வடிகட்டுகிற மின்தேக்கி வழியாக மிகச் சிறிய கசிவு வருகிறது. எர்த் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும், இல்லாவிட்டால் உங்கள் விரல் வழியாக இறங்கப் பார்க்கும். அந்த அளவு கசிவு ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த வீட்டில் எர்த் இல்லை என்பதற்கு அது சாட்சி, அதுதான் ஆபத்து. பழைய தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளையில் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கூர்மையாக அடித்தால் அது கசிவு இல்லை, உடனே நிறுத்துங்கள்.

டீ கொட்டிவிட்டது. அரிசியில் போடலாமா?

வேண்டாம். உள்ளே போன ஈரத்தை அரிசி இழுத்து எடுக்காது, அரிசித் தூசுதான் உள்ளே போகும்.

கொட்டிய அந்த நொடியில் சார்ஜரைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். வேலையைச் சேமிக்க வேண்டும் என்று நிற்க வேண்டாம். மூடியை விரித்து, கூடாரம் மாதிரி விசைப்பலகை கீழே பார்க்கும்படி துண்டின் மேல் கவிழ்த்து வையுங்கள். அப்படியே கடைக்கு வாருங்கள். ஹேர் டிரையர் போட்டால் தண்ணீர் இன்னும் உள்ளே ஓடும். வெறும் தண்ணீர் என்றால் பிழைக்க வாய்ப்பு அதிகம். டீ என்றால் சர்க்கரையும் பாலும் போர்டில் ஒட்டிக் காய்ந்து அப்புறம் மெதுவாக அரிக்கும். காய்ந்ததும் ஆன் ஆகிறதே என்று நிம்மதியாகி, ஒரு மாதம் கழித்து வருகிறவர்களின் போர்டைத்தான் காப்பாற்ற முடிவதில்லை. அன்றே திறந்து கழுவினால் சிறிய செலவு.

பட்டனை அமுக்கினால் ஆன் ஆகவில்லை. போர்டு போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். சார்ஜரைக் கழற்றுங்கள், கழற்ற முடிகிற பேட்டரி என்றால் அதையும் கழற்றுங்கள். பவர் பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கும். சார்ஜரை மட்டும் போட்டு ஆன் பண்ணுங்கள். பத்தில் சில இதிலேயே எழுந்துவிடும். லைட் எரிகிறது, விசிறி சுற்றுகிறது, படம் மட்டும் இல்லை என்றால் பெரும்பாலும் ரேம். கழற்றி, பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால் அழித்துச் சொருகினால் சரியாகும். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரிகிறதா? அப்படியென்றால் திரையின் பின்விளக்குதான் போயிருக்கிறது.

ஒரு உயிரும் இல்லையென்றால் போர்டில் உள்ள சின்னப் பாகங்களைத் தனித்தனியே மாற்றுகிற சிப் லெவல் சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுங்கள். போர்டையே மாற்ற வேண்டும் என்று எடுத்த எடுப்பில் சொல்பவரிடம் கொஞ்சம் யோசித்துக் கொடுங்கள். ஒரு சின்ன மின்தேக்கி ஷார்ட் ஆனாலும் முழு போர்டும் செத்த மாதிரிதான் காட்டும்.

ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது. ஃபார்மேட் போட்டால் சரியாகுமா?

உள்ளே சுழலுகிற பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் ஃபார்மேட் போட்டும் பயன் குறைவு. அதற்குள் ஒரு தட்டு சுற்றி, ஊசி ஓடித் தேடிப் படிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் அசைகிற பாகமே இல்லை. மாற்றிவிட்டால், ஆன் ஆக மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடும். பழைய மடிக்கணினிக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு செலவைச் சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன். ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டால் ஸ்லோ பிரச்சினையை மறந்துவிட்டு அன்றைக்கே முக்கியக் கோப்புகளை வேறு இடத்துக்கு எடுங்கள்.

ஏன் இவ்வளவு சூடாகிறது?

பேர்தான் மடிக்கணினி, மடியிலும் மெத்தையிலும் வைத்தால் அடிப்பக்கத் துளை அடைபட்டுவிடும். கம்பத்து வெயிலுக்கு விசிறியும் சேர்ந்து திணறும். மட்டமான பலகை, தட்டு, ஒரு பரீட்சை அட்டை கூடப் போதும். வருடத்துக்கு ஒரு முறை திறந்து தூசி எடுங்கள். வெப்பம் கடத்தும் பட்டைக்கும் விசிறிக்கும் நடுவில் தூசி படிந்து கம்பளித் துணி மாதிரி நிற்கும், அதை உரித்தே எடுத்திருக்கிறேன். அப்போது பிராசசர் மேல் இருக்கும் பேஸ்ட் காய்ந்து பொடிந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

பேட்டரி உப்பிவிட்டது. இன்னும் எவ்வளவு நாள் ஓட்டலாம்?

ஒரு நாள்கூட வேண்டாம். டச்பேட் மேலே எழும்புகிறது, அமுக்கினால் கிளிக் ஆகவில்லை, மூடி சரியாக மூடவில்லை என்றால் கீழே பேட்டரி உப்பியிருக்கலாம். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. குத்தினாலோ வளைத்தாலோ தீப்பிடிக்கும். அணைத்துவிட்டுக் கழற்றக் கொடுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாமல் மின்கழிவு எடுக்கும் கடையில் சேருங்கள்.

லித்தியம் பேட்டரிக்குப் பிடிக்காதவை இரண்டு: சூடு, எப்போதும் நூறு சதவீதத்தில் நிற்பது. சுமார் 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கினால் கொள்ளளவு குறைவது இயல்பு. நாள் முழுக்கச் சார்ஜில் போட்டே வேலை செய்பவர்கள், 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி தங்கள் மாடலில் இருந்தால் அதைப் போட்டு வையுங்கள்.

மூடி பெயர்ந்து வருகிறது, ஒட்டலாமா?

பசை நிற்காது. ஹிஞ்சின் (மூடி திரும்புகிற கீல்) இரும்பு இறுகிவிட்டது, அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மரை உடைந்துவிட்டது. ஒரு மூலையைப் பிடித்துத் திறப்பதுதான் காரணம். நடுவில் பிடித்துத் திறங்கள். லேசாகச் சத்தம் வரும்போதே கொண்டுவந்தால் ஹிஞ்சைத் தளர்த்திக் கொடுத்துவிடலாம். விரிசல் விட்ட பிறகு வந்தால் உடம்பையே மாற்ற வேண்டியிருக்கும், திரை வயரும் அறுந்திருக்கும்.

எந்தச் சார்ஜரையும் போடலாமா? போன் சார்ஜர் டைப் சி தானே?

முனை பொருந்தினால் போதாது. வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும், வாட் அதேயோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. சில மாடல்களில் முனையின் நடுவே ஊசி மாதிரி ஒன்று இருக்கும், அதன் வழியாகத்தான் இது நம்ம சார்ஜர் என்று மடிக்கணினி தெரிந்துகொள்கிறது. ஊசி வளைந்தால் கரண்ட் வரும், பேட்டரி ஏறாது. டைப் சி மாடலுக்கு 45 அல்லது 65 வாட் தேவைப்படும், சாதாரண போன் சார்ஜர் அதைத் தராது. எலி கடித்த வயரை டேப் சுற்றி ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள்.

அரசு கொடுத்த பழைய மடிக்கணினி வீட்டில் கிடக்கிறது. பயன் உண்டா?

உண்டு. 2011 செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. இந்தப் பள்ளத்தாக்கில் பல வீடுகளுக்கு வந்த முதல் கணினி அதுதான். அக்கா வாங்கி, தம்பி படித்து, இப்போது அக்காவின் பிள்ளை படம் வரைகிற மடிக்கணினிகள் என் மேசைக்கு வருகின்றன. எஸ்எஸ்டி போட்டு, ரேம் கூட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினால் எழுதவும் படிக்கவும் வகுப்புப் பார்க்கவும் தாராளமாகப் போதும். லினக்ஸ் என்றதும் தயங்குகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பல வருடமாக அதில்தான் படிக்கிறார்கள். இடுக்கியில் தமிழ்வழி படிக்கிற பிள்ளைகள் எனக்கே அதில் குறுக்குவழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களைப் பொதுவாக 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிறகோ வேண்டும். இது இல்லாத மடிக்கணினியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, லினக்ஸ் போடுங்கள். வங்கி வேலை பார்க்கிறவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

தமிழும் மலையாளமும் ஒரே மடிக்கணினியில் தட்ட முடியுமா?

முடியும், தனி மென்பொருள் வாங்கத் தேவையில்லை. மொழி அமைப்பில் இரண்டையும் சேர்த்துவிட்டு, விண்டோஸ் பட்டனோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மாறிக்கொண்டே வரும். தமிழுக்குத் தமிழ்99 பழகுங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த முறை. உயிர் இடது கையிலும் மெய் பெரும்பாலும் வலது கையிலும் வரும், புள்ளி பல இடங்களில் தானாக விழும். பத்து நாள் தடுமாறுவீர்கள், அப்புறம் கை நிற்காது.

பழைய கோப்பைத் திறந்தால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது என்றும் கொண்டுவருவார்கள். கெட்டுப்போகவில்லை. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் கணக்கான யூனிகோடுக்கு முன் பாமினி, வானவில் என்று ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு கணக்கில் எழுதியது. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து மாற்றியில் போட்டால் முழுதும் திரும்பி வரும். ஊர்க்கோயில் வரவுசெலவு பத்து வருடத்தையும் அப்படி மீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

போர்டு போய்விட்டது. உள்ளே இருக்கிற போட்டோக்களை எடுக்க முடியுமா?

ஹார்ட் டிஸ்கோ எஸ்எஸ்டியோ தனியாகக் கழன்றால், அது நன்றாக இருந்தால், முன்பெல்லாம் வேறு கணினியில் சொருகி எடுத்துவிடலாம். இப்போது ஒரு பூட்டு வந்திருக்கிறது. புதிய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்ற குறியாக்கம் தானாகவே போட்டுக்கொள்கிறது. திருட்டுப் போனால் நல்லதுதான். ஆனால் போர்டு செத்துவிட்டால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது இல்லாமல் நானும் திறக்க முடியாது, கம்பெனியும் திறக்க முடியாது. ஒரு அம்மா, மகள் கல்யாணப் போட்டோ முழுக்க அதில்தான் இருக்கிறது என்று வந்தார். எண் எங்கே என்று தெரியவில்லை. முதலில் ஆன் பண்ணிய அன்று கடைக்காரப் பையன் எந்த ஈமெயிலைப் போட்டான் என்று தேட வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் அந்தப் பையனின் பழைய கணக்கிலேயே எண் கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்தது, எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

வாங்கிய அன்றே உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். அந்தக் கணக்கில் மீட்பு எண் இருக்கும், அந்த 48 இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டு இருக்கிற பையில் வையுங்கள். எஸ்எஸ்டியில் அழித்ததைத் திரும்ப எடுப்பது ஹார்ட் டிஸ்கை விடக் கடினம், அதனால் போட்டோக்களை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் வையுங்கள். அதையும் சாரலுக்கு முன்னால் டப்பாவுக்குள் போட்டுவிடுங்கள்.